சக்கரம் வைத்த வீடும் அக்காவின் முழங்காலும்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லித் தொடங்கலாம் என்று அரை நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், கண்ணுகளா. ஒன்றும் தட்டுப்படவில்லை. அதனால் உள்ளபடியே தொடங்குகிறேன்.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் கட்டடத்து லிஃப்ட்டில் ஏறி, இறங்கி, உதட்டைப் பிதுக்கி, சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வந்த மனிதர். அவர் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் குடியிருக்கத் தனக்கு நம்பிக்கை இல்லை என்பார். அந்த நம்பிக்கையின்மையை இருபத்தேழு வருஷம் படி படியாகச் சுமந்தது என் அக்காவின் வலது முழங்கால். எங்கள் குடும்பத்தில் அவருக்கு ‘சர்டிபிகேட்’ என்று பெயர். முகத்துக்கு நேரே அத்தான் என்போம்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் ஒரு கேரவன் வாங்கினார். கேரவன் என்றதும் பெரிய பேருந்து அளவுக்குக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சாமான் ஏற்றுகிற சின்ன வேன் ஒன்றுக்கு யாரோ ஜன்னல் வெட்டி, கட்டில் போட்டு, வீடு என்று நம்ப வைத்திருந்தார்கள். வயது இருபத்தாறு. உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு. இரண்டு கையையும் ஒன்றாக வைத்தால் நிறைந்துபோகிற ஒரு தொட்டி, அதில்தான் பாத்திரம் கழுவ வேண்டும். சாப்பிடுகிற மேசையைக் கழற்றிக் கீழே இறக்கி, இரண்டு இருக்கைக்கும் நடுவில் பலகையாகப் பதித்து, மேலே நான்கு துண்டு மெத்தையைப் பரப்பினால் அது கட்டில். அந்த நான்கு துண்டும் ஒருபோதும் ஒன்றோடொன்று சேர்ந்து இருந்ததில்லை. அக்காவின் இடுப்பு எப்போதும் ஏதாவது ஓர் இடைவெளியில்தான் இரவைக் கழித்தது. அப்புறம் கழிப்பறை. அது இருக்கைக்கு அடியிலிருந்து இழுக்கிற ஒரு பெட்டி. எந்த இருக்கைக்கு அடியில் என்றால், இரவில் தலை வைத்துப் படுக்கிறோமே, அந்த இருக்கைக்கு.

“இனி நான் யார் வீட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டேன். என் வீடு என்கூட வரும்” என்று அறிவித்தார்.

அறிவித்தபடியே செய்தார். வருஷத்துக்கு நான்கு தடவை என் வீட்டுக்கு முன்னால் வந்து நிறுத்துவார். உள்ளே வர மாட்டார். வண்டிக்குள்ளிருந்து ஒரு நீளமான வயர் மட்டும் கிளம்பி, என் சமையலறை ஜன்னல் வழியாக வந்து, என் சுவரில் இருக்கிற பிளக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். என் தோட்டத்துக் குழாய் அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். குளிக்க என் குளியலறை. “வண்டிலயும் ஷவர் இருக்கு. தண்ணிய வீணாக்க வேணாம்னு பார்க்கிறேன்” என்பார். என் தண்ணீர் வீணாவது பற்றி அவருக்குக் கவலை இல்லை. யாரையும் அண்டிப் பிழைக்காத மனிதர் அல்லவா!

வண்டியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். டீசல் ஊற்றுகிற வாயும் தண்ணீர் ஊற்றுகிற வாயும் வண்டியின் ஒரே பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில் இருந்தன. வாங்கும்போது தண்ணீர் மூடி நீல நிறம், டீசல் மூடி கறுப்பு. அத்தான் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே மாதிரிக் கறுப்பில், ஒரே சாவி போடுகிற இரண்டு பூட்டு மூடிகளை மாட்டினார்.

“ஏன் அத்தான், எது எதுன்னு எழுதி ஒட்டிடலாமே?” என்றேன்.

“எழுதி ஒட்டினா திருடனுக்கு வசதி. எழுதாமலே நினைவு வெச்சுக்க எனக்குத் தெரியும். லேபிள் எல்லாம் மறதிக்காரங்களுக்கு.”

அக்கா என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே கண்ணாலேயே நிறையச் சிரித்திருக்கிறோம்.

அந்த அக்காவின் முழங்கால்தான் இந்தக் கதையே. தேய்ந்து தேய்ந்து, எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். நான் எங்கள் ஊர் மருத்துவமனையின் சலவைப் பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். கிழிந்த விரிப்புகளுக்கும் டாக்டர்களின் அங்கிகளுக்கும் தையல் போட்டே கண் மங்கியது. அங்கே பேசி, அலைந்து, அக்காவுக்கு ஒரு தேதி வாங்கினேன். அதை விட்டால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்துத்தான். அறுவைக்குப் பிறகு மூன்றாவது மாடிக்குப் போக முடியாது. என் வீடோ தரைத்தளம். வாசலில் ஒரு படிகூட இல்லை. எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. அக்காவுக்காக உள்ளறையை ஒழித்து, நல்ல உயரமான கட்டில் போட்டேன்.

அறுவைக்கு இரண்டு வாரம் முன்பு, நோயாளியையும் வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். மூன்று பேரும் போனோம். நடைப்பயிற்சி சொல்லித் தருகிற பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். கையில் படிவம் வைத்துக்கொண்டு அக்காவைக் கேட்டாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு எங்கம்மா தங்கப் போறீங்க? வீட்ல படி இருக்கா?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். “ரெண்டே ரெண்டு படி. அலுமினியம். வேணாம்னா மடக்கிக்கலாம்.”

“மடக்குற படியா? சரி. வீடு எந்தப் பக்கம் சார்?”

“எந்தப் பக்கம் வேணும்னாலும் நிறுத்தலாம்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த முழங்கால் படத்தைக் கூர்ந்து பார்த்தேன்.

“டாய்லெட் எவ்வளவு உயரம் சார்?”

“சீட்டுக்கு அடியில இருந்து இழுத்துக்கணும்.”

“யார் இழுக்கணும்?”

“யாருக்கு வேணுமோ அவங்க.”

விஷயம் விளங்கியதும் அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். “சார், மூணு வாரத்துக்கு ஒரு படிகூட ஏறக் கூடாது. நேரான கட்டில் வேணும். உயரமான டாய்லெட் வேணும். நடக்க இடம் வேணும். வேன்ல எல்லாம் முடியாது.”

“வேன் இல்ல. மோட்டார் ஹோம்” என்றார் அத்தான். அதற்கு மேல் அவர் காதில் எதுவும் விழவில்லை.

வெளியே வந்ததும் எள்ளும் கொள்ளும் வெடித்தது அவர் முகத்தில். “உன் தங்கச்சி வீட்ல போய்க் கிடக்கணுமா நீ? என்கிட்ட வசதி இல்லைன்னு நாலு பேர் பேசணுமா? வண்டிய அவ வீட்டு முன்னாடியே நிறுத்தறேன். உனக்கு அங்க என்ன குறை?”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே நடந்தாள். மருத்துவமனைக் கழிவறையில் கை கழுவும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள். “எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டி. ஒரு மாசம் நேரா படுத்துத் தூங்கணும். அவ்வளவுதான்.”

அறுபத்தாறு வயதில் ஒரு மனுஷி கேட்கிற ஆசையைப் பாருங்கள். நேராகப் படுக்க வேண்டுமாம். அதற்கே ஒரு யுத்தம் நடத்த வேண்டியிருந்தது.

அறுவைக்கு முந்தின சாயங்காலம் வண்டி வந்து நின்றது. காலை எட்டு மணிக்குள் அக்கா மருத்துவமனையில் இருக்க வேண்டும். நான் ஏழு மணிக்கு டாக்ஸி சொல்லியிருந்தேன். அத்தான் என் போனை வாங்கி, அவரே பேசி, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“என் பெண்டாட்டி என் வண்டிலதான் போவா. ஆபரேஷன் முடியற வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்திக்கிறேன். முடிஞ்சதும் நேரா இதுல ஏத்திக்கிறேன். தண்ணி மட்டும் ஃபுல்லா இருக்கணும்.”

நான் சண்டைக்குத் தயாரானேன். அக்கா கையைப் பிடித்து அழுத்தினாள். போகிற நேரத்தில் சண்டை வேண்டாம் என்று அர்த்தம். விட்டேன். விட்டது தப்பு.

காலையில் அவர் என் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு போய் மூடியைத் திறந்தார். அக்கா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள், வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல். நான் வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானுக்கு மணி ஒரு பொருட்டே இல்லை. குழாயைச் செருகிவிட்டு என்னிடம் திரும்பி, என் வீட்டுக் குழாயின் தண்ணீர் வேகம் எப்படி முறையில்லாமல் இருக்கிறது, அதற்கு எந்த வால்வு போட வேண்டும், அதை எந்த முட்டாள் பொருத்தியிருப்பான் என்று விளக்க ஆரம்பித்தார். நடுவில் தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்தது என் வாசலில் வானவில் மாதிரி பரவியது.

“அத்தான், டீசல் வாடை வருது” என்றேன்.

“பழைய வண்டின்னா வாடை இருக்கத்தான் செய்யும். உனக்கு மூக்கு ஜாஸ்தி” என்று மூடியைப் பூட்டினார். திருடனுக்குத் தெரியாத ரகசியம் அவருக்கும் தெரியாமல் போயிற்று.

வண்டி கிளம்பியது. நான் பின்னால் அந்தத் தலைமாட்டுக் கழிப்பறைப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு சிக்னல் தாண்டினோம். மேம்பாலம் ஏறும்போது வண்டி ஒரு தடவை இருமியது. அப்புறம் இரண்டு தடவை. அப்புறம் முழுசாக மூச்சை விட்டுவிட்டது. பாலத்தின் உச்சியில், ஏழேகால் மணிக்கு.

அத்தான் இறங்கி பானெட்டைத் திறந்தார். “அஞ்சு நிமிஷம்” என்றார். ஐந்து நிமிடம் ஆயிற்று. “ஃபில்டர்” என்றார். இன்னும் ஐந்து நிமிடம். “காத்து அடைச்சிருக்கு” என்றார். பின்னால் ஹார்ன் அடிக்கிற வண்டிக்காரர்களைப் பார்த்து, பழைய எஞ்சினின் மேன்மை பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஏழரை ஆயிற்று.

“அத்தான், வேற வண்டி பார்க்கலாம். தேதி போயிடும்” என்றேன்.

“வாய மூடு. நீ அவசரப்படுத்தினதுலதான் எல்லாம்.”

நான் வாயை மூடினேன். போனைத் திறந்தேன். முப்பது வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்ததில் ஒரு லாபம் உண்டு: எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தச் சாலையில் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சுத்தமான விரிப்புகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற சலவை வண்டி ஏழரைக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில் இந்தப் பாலத்தைத் தாண்டும். ஓட்டுநரைக் கூப்பிட்டேன். “பாலத்து மேல நில்லுங்கம்மா, இதோ வந்துட்டேன்” என்றார்.

அக்கா அந்த இரண்டு அலுமினியப் படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள். கீழே கால் ஊன்றியதும் திரும்பி, பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த அத்தானிடம் கேட்டாள்.

“என்னங்க, நீங்க வரலையா?”

“வண்டிய நடுரோட்டுல அநாதையா விட்டுட்டு வரச் சொல்றியா?”

அக்கா அவர் முதுகைப் பார்த்தாள். “வேணாம். அதுக்கும் ஒரு துணை வேணும்ல” என்றாள்.

நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள் கத்தியின்கீழ் படுக்கப் போகிறாள். இவர் ஒரு பழைய இரும்புக்குத் துணை இருக்கிறார். அந்த மனிதரைப் பற்றி நான் இத்தனை நாள் நினைத்ததெல்லாம் கம்மி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சலவை வண்டியில் அக்கா முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், மடித்து அடுக்கிய வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே. அடியில் கொஞ்சம் சூடுகூட மிச்சம் இருந்தது. எட்டு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கவலைப்படாதீர்கள், உங்களைப் பயமுறுத்தி வேடிக்கை பார்க்கிறவள் இல்லை நான். மறுநாளே அவளை எழுப்பி, நடைச்சட்டம் கொடுத்து, நான்கு அடி நடக்க வைத்தார்கள். அத்தான் போனில் பேசினார். முதல் பாதி வண்டியின் நலம். இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள்.

அக்காவின் மூக்குக் கண்ணாடியும் துணிப்பையும் வண்டியிலேயே தங்கிவிட்டன. மூன்றாம் நாள் அவற்றை எடுத்துவர மெக்கானிக் கொட்டகைக்குப் போனேன். வண்டி அங்கே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நான்கு வாளிகள். மெக்கானிக் முகத்தில் சிரிப்பை அடக்குகிற வேதனை.

“சார் டீசல் போட்ட பங்க்ல கலப்படம்னு சொல்றாரும்மா” என்றார்.

“ஆமா, கலப்படம்தான். கேஸ் போடப் போறேன்” என்றார் அத்தான்.

“கலப்படம்னா, தண்ணில கொஞ்சம் டீசலைக் கலந்திருக்காங்க சார். நாலு வாளில மூணரை வாளி தண்ணி. மீன் விட்டா வளரும்.”

நான் அத்தானைப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்த இரண்டு கறுப்பு மூடியையும் பார்த்தேன். அவரும் பார்த்தார்.  ஒரு மனிதன் அந்த இடத்தில் ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நான்கூட இளகியிருப்பேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“உன் குழாய்ல வேகம் ஜாஸ்தி. அன்னிக்கே சொன்னேன்.”

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்லி என் வாயை எதற்கு அழுக்காக்கிக்கொள்ள?

நான்காம் நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளறையில், உயரமான கட்டிலில், காலுக்கு ஒரு தலையணை வைத்து நேராகப் படுத்தாள். பகல் பதினோரு மணிக்குப் படுத்தவள் நான்கு மணிக்குத்தான் கண் திறந்தாள். “இடுப்பு எங்கயும் விழலைடி” என்றாள் ஆச்சரியமாக.

ஏழாம் நாள் காலையில் வண்டி வந்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று. வண்டிக் கதவுப் பக்கத்தில் புதிதாக ஒரு இரும்புக் கைப்பிடி பற்றவைத்திருந்தார். இரண்டு படிக்குப் பதில் உயரம் குறைந்த மூன்று படி. அத்தான் இறங்கி, ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என் வாசலுக்கு வெளியே நின்றார்.

“அவளக் கூப்பிடு. எல்லாம் சரி பண்ணியாச்சு. கைப்பிடிகூட வெச்சிருக்கேன்.”

 கதவைச் சாத்திவிடலாம் என்று கை போனது. ஆனால் உள்ளிருந்து நடைச்சட்டத்தின் டக், டக் சத்தம் வந்தது. அக்கா தானே நடந்து வந்தாள். கட்டிலிலிருந்து வாசல் வரை பதினோரு அடி. அதுவரை அவள் ஒன்பதுக்கு மேல் நடந்ததில்லை.

நிலையைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பார்த்தாள். “நல்லாப் பண்ணியிருக்கீங்க” என்றாள். நிஜமாகவே சொன்னாள். அவளுக்கு அந்தத் தாராளம் உண்டு, எனக்குக் கிடையாது.

“ஏறிப் பாரு. பிடிச்சுக்கிறேன்.”

“மூணு வாரம் ஒரு படிகூடக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு உங்ககிட்டதான் சொல்லுச்சு.”

“அவ சின்னப் பொண்ணு, அவளுக்கென்ன தெரியும்? மூணு படிதான்...”

“பாலத்துல ரெண்டு படி இறங்கினேன். ஒரு கை குடுக்க நீங்க வரல.” அக்கா குரல் உயரவே இல்லை. “இப்ப கைப்பிடி இருக்கு. நல்லது. ஆனா நான் இங்கதான் இருக்கப் போறேன், ஒரு மாசம். அதுல பேச்சு இல்ல. நீங்க எங்க இருக்கப் போறீங்கன்னு நீங்க முடிவு பண்ணுங்க.”

“எனக்கென்ன, வண்டி இருக்கு” என்றார் அத்தான்.

“சரி” என்று அக்கா திரும்பிவிட்டாள். டக், டக், டக்.

அவர் வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று இருந்தும் பார்த்தேன். மேசையைத் துடைத்தார். தட்டை எடுத்து வைத்தார். மறுபடி தட்டை உள்ளே வைத்தார். ஒரு கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து மூடினார். ரேடியோவைப் போட்டு அணைத்தார். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் வேலை இருக்கும்? அந்த வண்டிக்குள் அதிகாரம் பண்ண வேறு யாருமே இல்லாமல் அவர் இருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்குப் பரிதாபமெல்லாம் வரவில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு வாசலில் நிழல் தெரிந்தது.

“அவளுக்கு எக்ஸர்சைஸ் எத்தனை மணிக்கு?” என்று என்னிடம் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல், நிலைக்கட்டையின் சாயம் உரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள். “இப்பதான் ஆரம்பிக்கணும். செருப்பை விட்டுட்டு வாங்க. இருபது தடவை மடக்கணும். எண்ணுங்க.”

வண்டி வாங்கிய இந்தப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, குளியலறைக்கு இல்லாமல், என் வீட்டுக்குள் அத்தான் கால் வைத்தார். உள்ளறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்கினாள். வலியில் உதட்டைக் கடித்தாள்.

“ஒண்ணு” என்றார் அத்தான், லிஃப்ட் பரிசோதிக்கிற குரலில். “ரெண்டு. மூணு. முழுசா மடக்கு. நாலு.”

பத்து வரை ஒழுங்காகப் போயிற்று. பதினொன்றில் என் மின்விசிறி ஆடுவதைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டில் அதை மாட்டியவன் யார் என்று கேட்டார். பதின்மூன்று, பதினான்கு சொல்லிவிட்டு, அந்த ஆணி எத்தனை கிலோ தாங்கும் என்று எனக்கு விளக்கினார். விளக்கி முடித்ததும் திரும்பி, “பதினெட்டு” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மூன்று தடவை மடக்குகிற வலி மிச்சமாயிற்றே.

“பத்தொன்பது” என்று அக்காவே சொன்னாள். “இருபது. முடிஞ்சுது” என்று காலை நீட்டினாள்.

“பாத்தியா, நான் எண்ணினதும் சீக்கிரம் முடிஞ்சுது” என்றார் அத்தான்.